சேம்பர் மேல் வைத்த கூடு

சேம்பர் கதவைத் திறந்தால் மழை வாசம் வரும்.

பொய் மழை. வெதுவெதுப்பான தண்ணீர், ரப்பர் விளிம்பு, ஈரம் பட்ட இரும்பு எல்லாம் கலந்து, புழுதியில் முதல் தூறல் விழுந்தாற்போல ஒரு மணம் முகத்தில் அடிக்கும். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்ட் லேபில் எனக்கு வேலை. சேம்பர் என்று நாங்கள் சொல்வது ஆள் உயர இரும்புப் பெட்டி. சூடும் ஈரமும் உள்ளே நாங்கள் வைத்தபடி நிற்கும். பெயின்ட் அடித்த துண்டுகளை அடுக்கி, ஓர் அடைமழைக் காலத்தை அவற்றின் மேல் ஏவிவிடுவோம். எத்தனையோ ஐப்பசிகளைச் சில வாரங்களுக்குள் சுருக்கி, துரு எங்கே கிளம்புகிறது என்று பார்ப்போம். காலத்தை அவசரப்படுத்துவதுதான் தொழில். அதனால் இரும்பைத் தவிர வேறெதற்கும் கெடுதல் வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் கதவைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அந்த வாசத்தை நம்பி ஏமாந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

இது ஆரம்பித்தது தை மாதத்தில். லேபில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குச் சாமல்பட்டிப் பக்கம் ஊர். வாரம் முழுக்க ஓசூரில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்குவாள்; சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் புருஷனைப் பார்க்க பஸ் பிடித்து ஓடுவாள். அவள் ஊரில் எருது விடும் விழா என்று லேபில் எல்லோரையும் கூப்பிட்டாள். கடைசியில் போய்ச் சேர்ந்தது நானும் என் மனைவியும்தான். மாடுகள் ஓடி முடித்து, இலையில் சோறு விழுந்து, வெயில் கொஞ்சம் சாய்ந்ததும், "வாங்க சார், காட்டு ஓரம் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றாள். நான் சும்மா உட்கார மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். டீ நேரத்தில்கூட கம்பெனி மதிலோரம் எதையாவது மோந்துகொண்டு திரிகிற ஆள் நான்.

வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. தோப்பு முடிந்ததும் வறண்ட ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கருமருதும் வேலமும் இலந்தையுமாகக் காப்புக்காடு மேடேறிப் போகிறது. ஓடைக்கரை இலந்தையில் ஒரு கிளையைப் பிடித்து இறக்கிக் காட்டினாள். "இத பாருங்க சார்."

இலை பாதி உதிர்ந்த கிளை. அதில் நாட்டுக்கோழி முட்டை அளவில் ஒரு கூடு தொங்கியது. சாம்பல் பூசிய மஞ்சள். விரலால் தட்டினால் கொட்டாங்கச்சி மாதிரி கெட்டி. அதன் தலையிலிருந்து கருத்த காம்பு ஒன்று மேலே ஏறி, கிளையைச் சுற்றி மோதிரம் போட்டிருந்தது. இலை உதிர்ந்துவிடும், கிளை உதிராது. கட்டிய புழுவுக்கு அது தெரிந்திருக்கிறது. காதருகே கிளையை லேசாக ஆட்டினேன். உள்ளே டொக் என்றது. கனமான, உயிருள்ள ஒரு டொக்.

"பேரு என்னம்மா இதுக்கு?"

"காட்டுக்கூடுன்னுவோம் சார். நாங்க ஆடு ஓட்டினு வரப்ப மரத்துக்கு நாலஞ்சு தொங்கும். இந்த வருசம் இது ஒண்ணுதான் கண்ணுல பட்டுது."

"எனக்குத் தர்றியா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. "மழ வந்தா பூச்சி கெளம்பிரும் சார். அப்பறம் காலிக்கூடு அப்பிடியேதான் தொங்கும். அத எடுத்துக்குங்க."

"காலிக்கூட்ட வச்சு நான் என்ன செய்ய" என்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தோப்பு வேலியில் சாய்ந்து நின்றவர், "சார் ஆசப்பட்டுக் கேக்கறாரு, குடேன். தங்கமா கேட்டுட்டாரு?" என்றார். அவள் கொடுவாளை வாங்கி, காம்புக்கு மேலும் கீழும் ஒரு சாண் விட்டுக் கிளையைத் தானே வெட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். லேபில் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க வரும்போதும் அப்படித்தான் நீட்டுவாள். அவளால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டேன்.

எதற்குக் கேட்டேன்? கவிதை எழுத. வேறென்ன. மேசை மேல் ஒரு காடு வேண்டியிருந்தது எனக்கு. கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு வரிக்காகப் பறித்துக்கொண்டு வருகிற பழக்கம், நாற்பதைத் தாண்டியும் விட்ட பாடில்லை.

ஜூஜுவாடியில் எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோன முதல் நாளே மனைவி சொல்லிவிட்டாள். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். இத்தனை வருஷம் ஓசூரில் கிடந்தும் அவள் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. "ஏங்க, வீட்டுல பல்லி இருக்கு, எறும்பு இருக்கு. இதத் தின்னுபோட்டுச்சுன்னா ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு நீங்கதான் அழுவீக. வேற எங்கயாச்சும் கொண்டுபோயி வைங்க."

லேபுக்குக் கொண்டுபோனேன். மேசையைத் துடைக்கிறவர்கள் தள்ளிவிடுவார்கள், ஜன்னலில் வெயில், அலமாரியில் ரசாயன நெடி. எதுவும் தோதாக இல்லை. கடைசியில் சேம்பரின் தலைமேல், ஆவி கசிகிற குழாய்க்குப் பக்கத்தில், ஒரு பழைய ஸ்டாண்டில் கிளையைச் செருகி வைத்தேன். கூடு ரொம்பக் காய்ந்துவிடக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். மீதியைப் படிக்கவில்லை. மழை, வெயில், ஈரம் என்று வாரா வாரம் இரும்புக்குச் சட்டம் போடுகிற ஆள், இதற்கும் போட்டுவிட்டேன்.

"அங்க சூடா இருக்குமே சார்" என்றாள் அவள்.

"இதமா இருக்கும்மா" என்றேன்.

காலையில் வந்ததும் முதல் வேலை அதை ஆட்டிப் பார்ப்பது. டொக். சரி, உயிர் இருக்கிறது. உள்ளே வந்த உருப்படியைச் சோதித்து ஓகே போடுகிற கை அப்படித்தான் பழகியிருக்கிறது. தூங்குகிற ஒன்றை நாள் தவறாமல் எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தேன். பிறகு அதன் பக்கத்தில் நின்று போனில் வரிகள் தட்டுவேன். கல்லுக்குள் உறங்கும் மழை என்று ஒன்று. கிளை போட்ட மோதிரம் என்று ஒன்று. நல்ல வரிகள் என்றுகூட நினைத்தேன்.

அதன் கதை முழுவதையும் பிறகுதான் தேடிப் படித்தேன். டசர் என்கிற காட்டுப்பட்டு நூற்பது இந்த இனத்துப் பூச்சிதான். முட்டை தட்டையாக, அரக்குப் பொட்டு மாதிரி இலையில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு இலந்தையையும் மருதையும் தின்று, நான்கு முறை சட்டை உரித்து, இலைப் பச்சையாகவே கொழுக்கும். விலாவில் பாதரசம் தெளித்த மாதிரி சில புள்ளிகள் மின்னும். பனித்துளி என்று குருவி ஏமாறும். மழை ஓய்ந்து, பனி விழுகிற காலத்தில் கூடு கட்டும். இலை உதிரும் மாதங்களிலும் கோடையிலும் உள்ளே கூட்டுப்புழுவாகக் கிடக்கும். சும்மா கிடப்பதில்லை, காத்துக் கிடக்கிறது. காற்றில் ஈரம் ஏறி, மண் நனைந்து, மரம் தளிர்க்கும்போதுதான் வெளியே வரும். அதே வாரங்களில் அந்தக் காட்டில் இருக்கிற எல்லாக் கூடுகளும் திறக்கும். பெண் எங்கேயோ ஒரு கிளையில் தொங்கியபடி நம் மூக்குக்கு எட்டாத மணம் ஒன்றைக் காற்றில் விடும். ஆண் தன் இறகு மீசையால் அதைப் பிடித்து இருட்டில் வெகுதூரம் பறந்து வரும். வந்த பூச்சிக்கு வாய் கிடையாது. தின்னாது, குடிக்காது. புழுவாகத் தின்றதை வைத்து ஒரு வாரம் போல வாழும். அந்த வாரத்துக்குள் சேர வேண்டும், முட்டையிட வேண்டும், போக வேண்டும். அவ்வளவுதான் அதற்குக் கொடுத்தது.

மாசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஷிப்டுக்கு வந்து கையை நீட்டினேன். கூட்டின் மேல்முனை ஈரமாகி, நார் பிரிந்து, ஓட்டையாக இருந்தது. அதற்குச் சற்று மேலே குழாயில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பெண் என்பது பார்த்ததும் தெரிந்தது. மெல்லிய மீசை, கனத்த வயிறு. இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அகலத்துக்கு மஞ்சள் இறக்கைகள். நான்கிலும் ஒவ்வொரு வட்டம். அந்த வட்டத்தில் செதிலே இல்லை, கண்ணாடி. அதன் வழியாகச் சேம்பரின் சிவப்பு விளக்கு தெரிந்தது.

வெளியே சொட்டு மழை இல்லை. வருவதற்கு மாதங்கள் கிடந்தன. காடு முழுக்க மற்றக் கூடுகள் மூடிக் கிடக்கும். இந்த ஒருத்தியிடம் மட்டும் மழை வந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கிறேன். தினமும், ஷிப்டு ஷிப்டாக, சூடான ஆவியால் சொல்லியிருக்கிறேன்.

பையன்கள் கூடி வீடியோ எடுத்தார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வந்துபோகிற கன்னட மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஏனு சார் இது? திங்கக்கிழமை கஸ்டமர் ஆடிட் இருக்கு. லேப்ல பூச்சின்னா மானம் போயிடும். மருந்து அடிக்கச் சொல்லுங்க" என்றார். கெட்டவர் இல்லை, அவர் கவலை அவருக்கு. "மத்தியானத்துக்குள்ள எடுத்துர்றேன் சார்" என்றேன்.

சாமல்பட்டிப் பெண் காலி அட்டைப்பெட்டி ஒன்றில் ஸ்குரூடிரைவரால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு எங்கள் கம்பெனியில் கடைசி நாள். பாரூர்ப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் இடம் கிடைத்துவிட்டது. இனி வீட்டிலிருந்தே போய் வரலாம். பிரிவுக்கு வாங்கிய கேக் பிரிட்ஜில் இருந்தது.

"இன்னிக்கே எடுத்துனு போயிடலாம் சார். அங்க ஒண்ணு ரெண்டு முன்னாடியே கெளம்பி இருந்தாலும் இருக்கும். ஆண் வந்து சேர்ந்துச்சுன்னா பொழைக்கும். நீங்களும் வாங்க."

நீங்களும் வாங்க என்றதை அவள் எப்படிச் சொன்னாள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அழைப்பு மாதிரியும் இருந்தது. தப்பித்துக்கொள்ளாதே என்பது மாதிரியும் இருந்தது.

மனைவியும் கிளம்பினாள். "ஒரு பூச்சிய எடுத்துக்கிட்டு, ஒரு பொண்ணு ஊருக்குத் தனியாப் போறேன்னா நாலு பேரு என்ன நெனப்பாக" என்றாள். கிருஷ்ணகிரியில் மாறி ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறினோம். பெட்டி கைமாறி மனைவி மடிக்கு வந்திருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். "உள்ள என்னாங்கம்மா, கோழிக்குஞ்சா?"

"பொம்பளப்பிள்ள. மாப்ள பாக்கக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் மனைவி.

"மாப்ள என்ன பண்றாரு?"

"அதான் தெரியல."

கண்டக்டர் சிரித்தார், அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழி நெடுக மாமரங்கள் பூத்துக் கிடந்தன. வறண்ட, நல்ல வெயில். எங்கும் மழைக்கான ஒரு ஜாடைகூட இல்லை.

பொழுது சாயும்போது ஓடைக்கரைக்குப் போனோம். அதே இலந்தை. நான் தையில் பார்த்த பாதி இலையும் இப்போது இல்லை. முள்ளும் கொம்புமாக நின்றது. அந்தப் பெண் தையல் நூலை எடுத்து, இறக்கையின் அடியில் சுருக்கு இறுகாமல் கட்டி, மறுமுனையைக் கிளையில் முடிந்தாள். பட்டு வளர்ப்பவர்கள் பெண்பூச்சியை இப்படித்தான் கட்டி வைத்துக் காட்டு ஆணை வரவழைப்பார்கள் என்று நான்தான் பஸ்ஸில் படித்துச் சொன்னேன். பூச்சி கொம்பைப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்று நுனியை வெளியே நீட்டி, அசையாமல் நின்றது. அழைக்கிறது. வாயில்லாத ஒன்று இவ்வளவு உரக்க அழைப்பதை நான் கண்டதில்லை. எங்கள் மூவரில் யாருக்கும் அது கேட்கவில்லை.

"வாங்க, தனியா இருக்கட்டும். நாம நின்னா மாப்ள கூச்சப்படுவாரு" என்று மனைவிதான் எங்களை நகர்த்தினாள்.

அவர்கள் வீட்டில் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். பாய் விரித்துக் கொடுத்தார்கள். தூங்கினேனா என்றால், இல்லை. ஒரே ஒரு ஆண் போதும் என்று எதையோ வேண்டிக்கொண்டே கிடந்தேன். வேண்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டாமா.

விடிந்தும் விடியாததுமாகப் போனோம். அவள் புருஷனும் கூட வந்தார். பூச்சி கட்டிய இடத்திலேயே இருந்தது. தனியாக. கொம்பைச் சுற்றி அரக்குப் பொட்டுகளாக முட்டைகள்.

மனைவி முகம் மலர்ந்துவிட்டது. "முட்ட போட்டிருச்சே! அப்ப ஆயிருச்சுல்ல?"

அந்தப் பெண்தான் சொன்னாள்: "சேவல் இல்லாமயும் கோழி முட்ட போடும் அக்கா." ஆண் வந்து சேர்ந்திருந்தால் இந்நேரம் இரண்டும் ஒட்டித்தான் தொங்கும், பொழுது ஏறும்வரை பிரியாது. இது வயிறு கனத்து, காத்திருக்க முடியாமல் போட்டது. சில நாளில் நடுவில் குழி விழுந்து காய்ந்துவிடும். பொரித்தாலும் என்ன? தின்ன ஓர் இலை இல்லை.

அவள் புருஷன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனுஷன். "சார், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. போன வாரம்தான் மாம்பூவுக்கு மருந்து அடிச்சம். தத்துப்பூச்சி தொல்ல. அந்தக் காத்துக்கு எந்தப் பூச்சிதான் வரும்? தப்பு எங்க பேர்லயும் இருக்குது" என்றார்.

எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, அதைப் பிடித்துக்கொள்ள. ஆமாங்க, மருந்துதான், இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிப் பாரத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டு பஸ் ஏறலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"மருந்து இல்லாட்டியும் வந்திருக்காதுங்க. காட்டுல இப்ப ஆணே இருக்காது. மழைக்கு முன்னாடி இதக் கெளப்பிவிட்டது நான்" என்றேன்.

இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. அவள் நூலை அவிழ்த்தாள். இனிப் பறக்கலாம். பூச்சி பறக்கவில்லை; முட்டைகளுக்குப் பக்கத்தில் கொம்பைப் பற்றியபடியே, வெயில் ஏறி வருகிற திசைக்குக் கண்ணாடி வட்டங்களைக் காட்டிக்கொண்டு இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, தோப்பு தாண்டும்வரை மூன்று தரமோ நான்கு தரமோ பார்த்தேன். மஞ்சளாகத் தெரிந்தது, பிறகு இலந்தை மட்டும் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பெண் மட்டும் கூட வந்தாள். மனைவி கையில் அவர்கள் கொடுத்த முருங்கைக்காய்க் கட்டு. என் பையில் அந்தக் காலிக்கூடு, வெட்டிய கிளையோடு. லேபிலிருந்து எடுத்து வந்திருந்தேன். மரத்திலேயே திரும்பக் கட்டிவிடலாம் என்று ஏதோ ஒரு நினைப்பு. கட்டவும் தைரியம் வரவில்லை. எடுத்து அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும்தான் நீட்டினேன் என்பதை நீட்டிய பிறகே கவனித்தேன்.

அவள் வாங்கவில்லை. காம்பின் மோதிரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "வச்சுக்குங்க சார். காலிக்கூடுதான, இத நானே தர்றன்னுதான் சொன்னன்."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"நானும்தான் வெட்டனன் சார்" என்றாள். "வேணான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். லேப்ல தெனமும் உங்க மூஞ்சியில முழிக்கணுமே, எப்பிடி சொல்றது."

தூரத்தில் பஸ் திரும்பியது. மனைவி முன்னால் போய்க் கை நீட்டி நிறுத்தினாள். "வாரீகளா, இங்கயே இருந்துக்கிறீகளா?"

படியில் கால் வைத்தேன். அந்தப் பெண் பஸ்ஸை ஒட்டி வந்து, முதல் முறையாகச் சார் என்று சேர்க்காமல் பேசினாள்.

"அடுத்த தைக்கும் அக்காவக் கூட்டினு வாங்க. ஓடைக்கு அந்தாண்ட தேடுனா ஒண்ணாச்சும் தொங்கும், காட்டறன். கேக்க மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேம்மா."